ஒத்திகை இல்லாத புதன்கிழமை

காலை பதினொன்றே காலுக்குக் கோயில் மணி அடித்தது. அந்த நேரத்துக்குப் பூசை கிடையாது இன்ஸ்பெக்டர் மேடம். கடலில் ஏதோ சரியில்லை, எல்லாரும் கரைக்கு வாருங்கள் என்று அர்த்தம். ஐந்தே நிமிடத்தில் இருநூறு பேர் மணலில் நின்றார்கள். எத்தனை நோட்டீஸ் அடித்தாலும் அப்படி ஒரு கூட்டம் சேராது.

புதுக்கடை ஊரில் நான் தொடங்கவிருந்த வீட்டு உபயோகச் சாமான் கடையின் திறப்பு விழாவுக்கு ஒரு வாரம் இருந்தது. அதே சாலையில் ஏற்கெனவே நான்கு கடைகள். ஊரே பேசுகிற மாதிரி ஏதாவது செய்தாக வேண்டியிருந்தது.

எங்கள் கரைகளில் பாதுகாப்பு ஒத்திகை நடப்பது உங்களுக்கே தெரியும். போலீஸ்காரர்கள் தீவிரவாதி வேஷத்தில் படகில் வருவார்கள். மீனவர்கள் பிடித்துக் கொடுப்பார்கள். கைதட்டல், டீ, போட்டோ. இந்த முறை புதன்கிழமை என்று பேப்பரில் போட்டிருந்தது. அன்றைக்கு என் ஆட்கள் மூன்று பேர் கறுப்பு உடை, முகமூடியோடு, ஒரு பெட்டியும் எடுத்துக்கொண்டு வள்ளத்தில் வருவது என்பது என் திட்டம். ஜனங்கள் சிரித்துக்கொண்டே பிடிப்பார்கள். பெட்டியைத் திறந்தால் உள்ளே என் கடைப் பரிசுக் கூப்பன். நான் தென்னை மறைவில் நின்று வீடியோ எடுப்பேன். இதில் யாருக்கும் கெடுதல் இல்லை.

உபைத் சவூதியில் பதினோரு வருடம் என்னோடு ஒரே அறையில் இருந்தவன். கடையிலும் அவன்தான் எனக்கு எல்லாம். தேங்காப்பட்டணத்தில் அவன் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னபோது அவன் மனைவி முப்ஷிரா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இவங்களா தீவிரவாதி? பல்லியப் பாத்தா கட்டில் மேல ஏறி நிக்குத மனுசன். நீச்சலும் தெரியாது. வேற ஆளப் பாருங்க குமாரதாஸ் அண்ணே."

"நம்ம கடைப் பையன்மாரு சுஜினும் அபினேஷும் கூட இருக்காவ. கால் மணி நேர வேலை" என்றேன்.

புதன்கிழமை காலை டீக்கடையில் ஒரு போலீஸ்காரர் சொன்னார், ஒத்திகை அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போய்விட்டது என்று. "கோயில் மைக்கிலயும் சொல்லியாச்சு. இப்ப தெரியாத வள்ளம் வந்தா நெசமான ஆளுன்னு நினைச்சுக்கிடுங்கன்னு."

உபைத்துக்குச் சொல்ல மறந்துவிட்டேன் என்று முதலில் உங்களிடம் சொன்னது சரியல்ல. யோசித்துத்தான் சொல்லவில்லை. ஒத்திகை என்று தெரிந்த கூட்டம் சிரிக்கும். தெரியாத கூட்டம் பயப்படும். பயந்த முகங்களைத்தான் ஜனங்கள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பார்கள். பெட்டி திறந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன்.

வள்ளம் மணலைத் தொடுமுன் கல் விழுந்தது. மற்ற இரண்டு பேரும் குதித்து நீந்திப் போய்விட்டார்கள். உபைத்துக்கு முன்னால் கூட்டம், பின்னால் கடல். நான் சொல்லிக் கொடுத்தபடியே பெட்டியைத் திறக்கக் குனிந்தான். குண்டு வைக்கிறான் என்று யாரோ கத்தினார்கள். துடுப்பு தலையில் இறங்கியது. அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவர்கள் பிள்ளைகளும் அதே மணலில் நின்றார்கள்.

நான் நாற்பதடி தள்ளி இருந்தேன். கத்தியிருந்தால் கேட்டிருக்கும். என் குரல் வீடியோவில் பதிந்துவிடுமே என்று தோன்றியது. கூட்டம் என் பக்கம் திரும்பினால் ஓடவும் வழியில்லை.

பெட்டி அலையோடு போய்விட்டது. சுஜினும் அபினேஷும் கேரளத்துக்கு ஓடிவிட்டார்கள். உபைத் தீவிரவாதி இல்லை என்று மனைவி சொல்வதை யார் நம்புவார்கள். மறுநாள் முப்ஷிரா வந்து என் கடை ஷட்டரைத் தட்டினாள். உள்ளே ஃபிரிட்ஜ்களுக்கு நடுவில் மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தேன்.

"அண்ணே, இவங்க உங்க ஆளுன்னு ஒரு வார்த்தை வந்து சொல்லுங்க. நினைவில்லாத மனுசன ஆஸ்பத்திரிக் கட்டிலோட விலங்கு போட்டு வச்சிருக்காவ."

வெகுநேரம் தட்டினாள். திறந்தால் அவளோடு ஊரும் உள்ளே வந்துவிடும். மூன்றாம் நாள் உபைத் இறந்தான். நான்காம் நாள் என் கடைப் பெயரோடு பெட்டி கரை ஒதுங்கியது, நீங்கள் வந்தீர்கள். ஒரு வகையில் நிம்மதி. ஆனால் நான் அவனை அடிக்கவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வள்ளம் கரைக்கு வருமுன் உபைத் எனக்குப் போன் செய்ததாகப் பதிவு இருக்கிறது, பத்தொன்பது விநாடி, என்ன பேசினீர்கள் என்று கேட்கிறீர்கள். "அண்ணே, ஆளுவ கல்லும் துடுப்புமா நிக்காவ. ஒத்திகைன்னு அவங்களுக்குத் தெரியும்தானே? இல்லைன்னா திரும்பிப் போயிரட்டா?" என்றான். நான் நிதானமாகத்தான் பதில் சொன்னேன்.

"தெரியும் மக்கா, வா. முகமூடிய மட்டும் கழட்டிராத."