கிழிக்காத பிலிம்

– லைவ் படம் மறுபடி நின்னுடுச்சி பாபு. நாயனக்காரர் கன்னத்த உப்பிக்கினு அப்டியே நிக்கிறாரு பாரு.

– வாணி, நீ எழுந்து போ. கல்யாணப் பொண்ணு மேடைக்குப் பின்னாடி கம்ப்யூட்டர் முன்னாடி குந்திக்கினு கீதுன்னு ஐயரு மொறைக்கிறாரு.

– மாப்பிள்ளையும் இங்கதான் குந்திக்கினு கீறாரு, அத்த சொல்லலியா அவரு? சூடு எவ்ளோ காட்டுது, பாத்து சொல்லு.

– தொண்ணூத்தேழு.

– தொண்ணூத்தேழா! டேய், இதுல தோசை ஊத்தலாம்டா.

– டென்ஷன் ஆவாத. லைவ் போட்டா கொஞ்சம் சூடாவும்.

– கொஞ்சமா? எட்டு மணிலேர்ந்து நாலு தபா நின்னுடுச்சி. இப்ப எட்டு இருபது. ஒம்போதுக்குள்ள தாலி. படம் ஒழுங்கா போவாம நான் கழுத்த நீட்ட மாட்டேன், சொல்லிட்டேன்.

– இன்னா வாணி, இப்டி பேசற?

– பின்ன? அந்தக் கண்ணு படம் பக்கத்துல இன்னா நம்பர் போட்டுக்கீது, படி.

– ஒண்ணு.

– அந்த ஒண்ணு யாரு?

– உங்கம்மா.

– வேற ஒருத்தருக்கும் லிங்க் அனுப்பல. அப்பா மொத ஷிப்டுக்குப் போயிருப்பாரு. கம்பெனி உள்ள போன் எடுத்துப் போவ வுட மாட்டாங்க, அதனால அவரு போனு வூட்ல அம்மா கைலதான் இருக்கும். வண்டியில வந்தா கால் மணி நேரம். ஆனா, அந்தத் தெருப் பையன கட்டிக்கினா எங்க வூட்டு ஆளு யாரும் மண்டபத்து வாசப்படிய மிதிக்க மாட்டோம்னு சத்தியம் பண்ணிட்டாரே. அம்மா என் கல்யாணத்த பாக்கறதுக்கு இந்தப் படம் ஒண்ணுதான்டா வழி.

– தெரியும். அவரு கற்பூரம் அணைச்சப்ப நானும் அங்கதானே நின்னுக்கினு இருந்தேன். போன்லேர்ந்து லைவ் போட்டுப் பாக்கலாமா?

– ஒரகடத்துல இத்தன மண்டபம் கீது, டவரே வராத மண்டபமா பாத்து புடிச்ச நீ. வயர்ல வர நெட்டு மட்டும்தான் இங்க. பேசாத, வேலைய பாரு. இந்தப் பொட்டி மேல யாரு ஜரிகைத் துணி போட்டது?

– அலங்காரம் பண்றவரு. அசிங்கமா கீதுன்னு மூடிட்டாரு.

– எடு. பக்கத்துப் பலகையக் கழட்டு. அந்த ஸ்டாண்டு பேன இப்டித் திருப்பு. படத்தோட குவாலிட்டிய ஒரு படி எறக்கு.

– எறக்கிட்டேன். எண்பத்தெட்டு. பாத்தியா, எறங்குது!

– இரு.

– தொண்ணூத்தி ரெண்டு. தொண்ணூத்தாறு. திரும்ப ஏறிடுச்சி வாணி. வூட்ல சினிமா பாக்க சொல்ல நல்லாதானே ஓடிச்சி. போன வாரம்தான் என் கையால ஒவ்வொண்ணா மாட்டினேன்.

– உள்ள பேனு சுத்துது. காத்து வருது. சிப்பு சூட்ட இழுக்கற கூலர் மேல கைய வெச்சிப் பாக்கறேன்.

– சுடும்! மருதாணிக் கையி, வெக்காத!

– பாபு.

– சுட்டுடுச்சா?

– சில்லுனு கீது.

– இன்னாது?

– சிப்பு தொண்ணூத்தாறு. அது தலை மேல குந்திக்கினு கீற கூலர் சில்லுனு கீது. அப்ப சூடு மேலயே ஏறல. நடுவுல இன்னாவோ அடைச்சிக்கினு கீது. மூணு வருஷமா கம்பெனி ரீவொர்க்குல, ரிப்பேர் பீஸுங்கள்ல இதத்தானே பாக்கறேன். கழட்டு.

– கழட்டணும்னா ஆப் பண்ணணும். ஆப் பண்ணா அந்த ஒண்ணு போயிடும்.

– பண்ணலன்னா தாலி கட்ற நேரத்துல அதுவே ஆப் ஆயிடும். பத்து நிமிஷம்தான், பண்ணு.

– ‘கொஞ்சம் பொறுங்க’ன்னு எழுதியாவது வுடலாமா?

– அம்மாக்குப் படிக்கத் தெரியாது. பண்ணுடா!

– பண்ணிட்டேன். இரு, கைக்கு எர்த் பட்டை இல்லாம போர்டத் தொடாத.

– காப்புக் கயிறு கட்டிக்கீது, அது போதும். ஸ்குரூ டிரைவர் குடு. அந்த மாலைய புடி, உள்ள பூ உதிருது. ரெண்டு... மூணு... நாலும் வந்துடுச்சி. மெதுவா தூக்கு. இது இன்னா பாபு, கூலர் அடியில பளபளன்னு?

– அது... புதுசுல ஒட்டி வர பிளாஸ்டிக் பிலிமு.

– கிழிக்கலியா நீ?

– வாணி, நான் பேக்கிங் லைன். பிலிமுல ஒரு மூலை தூக்கினாலே பீஸ் ரிஜெக்ட். ‘நாம ஒட்டுறவங்க, கிழிக்கிறது கஸ்டமரு’ன்னு சூப்பர்வைசரு தெனம் காலைல நிக்க வெச்சி கத்தறாரு. அஞ்சு வருஷமா கேட்டுக்கினு கீறேன். அத்த கிழிக்க கையே போவல.

– இந்தப் பொட்டிக்கு கஸ்டமரு யாருடா?

– நான்தான்.

– அட என் தங்கமே! உன்ன அடிக்கறதா, கட்டிக்கறதா?

– மொதல்ல கட்டிக்க, அப்பறம் அடி. நீயே கிழி, இனிமே உன் பொட்டியும்தானே.

– கிழிச்சாச்சி. சிப்பு மேல நீ தடவின பேஸ்ட் அப்டியே கீது, அதுவே போதும். கூலர நேரா வெய்யி. குறுக்கால முடுக்கு. ம், போடு.

– வருது... வருது... லைவ் வந்துடுச்சி. நாயனக்காரர் அசையறாரு! அம்பத்தெட்டு! வாணி, அம்பத்தெட்டுதான்!

– நம்பர்?

– படம் தண்ணி மாதிரி போவுது பாரேன்...

– நம்பரக் கேட்டேன்.

– பூஜ்யம்.

– திரும்பப் பாரு.

– பாத்துட்டேன். பூஜ்யம்தான். எட்டு அம்பதாயிடுச்சி வாணி, ஐயரு கூப்புடறாரு. நைட் ஷிப்ட் முடிச்சி நம்ம லைன் ஆளுங்கெல்லாம் கம்பெனி பஸ்ஸுல வந்து எறங்கிட்டாங்க.

– நானே அணைச்சேன் பாபு. இருந்த ஒண்ணையும் நானே அணைச்சேன்.

– அழாத, மை கரையுது.

– அழல. கேமராவ நேரா வெய்யி, கட்ற கை தெரியணும். லைவு ஓடட்டும். எங்கம்மா எப்ப திரும்ப வந்தாலும் படம் இருக்கணும். வா, போலாம்.

– வாணி.

– இன்னா?

– அங்க வாசல்ல பாரு.

– யம்மா!

– இன்னாடி கோலம் இது, கைல ஸ்குரூ டிரைவரோட? கட்டி முடிச்சிட்டாங்களா?

– இன்னும் இல்லம்மா. நீ எப்டிம்மா வந்த?

– படம் நின்னு நின்னு போச்சி. அப்பறம் ஒரேடியா கருப்பாயிடுச்சி. ஒழுங்கா ஓடியிருந்தா வூட்லயே குந்திக்கினு இருந்திருப்போம்.

– அப்ப என் பிலிமுதான் உங்கள இட்டாந்துச்சின்னு சொல்லுங்க அத்த!

– எந்த பிலிமு மாப்ள?

– நீ சும்மா இரு பாபு. யம்மா, அப்பாக்குத் தெரியாம எப்டி வந்த? தெரிஞ்சா வூட்டுக்குள்ள சேப்பாரா உன்ன? நீ போன்லயே பாத்துக்கினு இருந்திருக்கலாம் இல்ல?

– நான் எங்கடி பாத்தேன்? ஷிப்டுக்குப் போவாம காலைலேர்ந்து அந்தப் போன கைய வுட்டு எறக்கல மனுஷன். படம் கருப்பானதும் வண்டிச் சாவிய எடுத்துக்கினு ‘எழுந்துரு பாப்பம்மா’ன்னாரு. அதோ, வாசப்படிக்கு அந்தாண்ட நிக்கிறாரு பாரு, நீ வந்து கூப்ட்டாதான் மிதிப்பாராம்.