ஸ்கிரீனில் அடித்த காற்று

செஞ்சி ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் கியூ ஒரு மணி நேரமாக நகரவில்லை. எனக்கு முன்னால் ஒரு பெயின்டரும் அவர் மனைவியும் நின்றிருந்தார்கள். அவர் நகமெல்லாம் நீலப் பெயின்ட்.

“காத்த வரைஞ்சிட்டேன் புள்ள!” என்றார் திடீரென்று.

“காத்தையா? அதுக்கு இன்னாய்யா கலரு?”

“கலர்ல இல்ல, இழுப்புலதான் இருக்குது. போட்டோ ஸ்டுடியோவுல பின்னாடி தொங்கவிட ஸ்கிரீன் கேட்டாங்கல்ல, நம்ம ராஜகிரிக் கோட்டை மலை உச்சி? மொதல்ல சின்ன பிரஷ்ஷால புல்லு புல்லா பொறுமையா வெச்சேன். செத்துக் கெடந்துச்சு. மெட்ராஸ்லேர்ந்து வேற வாங்கிக்கிறேன்னுட்டாரு ஓனரு.”

“அப்புறம்?”

“அத்தனையும் பூசி மறைச்சேன். பட்டை பிரஷ்ஷுல பெயின்ட்டைத் தொட்டு, முக்காவாசி தொடைச்சிட்டு, காஞ்ச மயிராலயே சர்ரு சர்ருனு இழுத்தேன். வானம், மேகம், புல்லு, எல்லாம் ஒரே பக்கமா. இன்னிக்குக் காலைல ஒரு கல்யாண ஜோடி வந்து அது முன்னாடி நிக்குது. பொண்ணு முந்தானைய இறுக்கிப் புடிச்சிக்கினு உடவே மாட்டேங்குது. கைய எடும்மான்னு ஓனரு கத்துறாரு. பறக்குமேன்னுது!”

“ஃபேன் ஓடியிருக்கும்யா.”

“கரண்டே இல்ல! கூரைக் கண்ணாடி வெளிச்சத்துலதான் போட்டோவே எடுத்தாரு. எடுத்துட்டு வந்து என் கையப் புடிச்சிக்கினாரு.”

ஒருவழியாக கியூ நகர்ந்தது. இவர்கள் நகரவில்லை. அந்த அம்மாள் கணவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“நாமளும் அங்க நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கலாம்யா. ஆனா நான் கொண்டைய இறுக்கிப் போட்டுக்கினுதான் வருவேன்.”