மாப்பிள்ளைக்குக் கட்டிய மசாலா

டீயைக் குடியுங்கள், மிஸ்டர் மகேந்திரன். ஆறிப்போனால் நன்றாக இருக்காது. நீங்கள் எழுதிக் கொண்டுவந்த வாக்குமூலத்தைப் படித்தேன். வக்கீல்களுக்கே உரிய கற்பனை. அதில் என்னால் கையெழுத்துப் போட முடியாது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கும் வீண் அலைச்சல் மிச்சம்.

சிரம்பானில் ட்ராவல் ஆபீஸ் நடத்தியவள் நான். இங்கிருந்து இந்தியாவுக்கு, வேளாங்கண்ணிக்கும் பழனிக்கும் கிளம்பும் எஸ்டேட் ஜனங்களுக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்து, பெட்டியில் எதை வைக்கலாம், எதை வைக்கக்கூடாது என்று பாடம் நடத்தியே என் தொண்டை கட்டிப்போனது. தலையை ஆட்டிவிட்டுப் போய்க் கருவாட்டைப் புடவைக்குள் சுற்றுவார்கள். சுங்க அதிகாரி பிரித்துப் பார்த்தால், சாமி பிரசாதம் சார் என்று கையெடுத்துக் கும்பிடுவார்கள். அந்தக் கூட்டத்துக்கு விதி என்றால் தலைவிதி ஒன்றுதான் தெரியும்.

அரபு நாட்டுப் பக்கம் போகிறவர்களிடம் மட்டும் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வேன். கசகசா வேண்டாம். நமக்கு அது குருமாவுக்கு அரைத்துப் போடும் சாமான். இங்கே எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும். அங்கே சில நாடுகளில் அது போதைப்பொருள். பிடித்தால் சிறைதான்.

என் ஒரே மகள் ஜோஆன், கிளென் என்பவனைக் கட்டிக்கொண்டாள். ரந்தாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் கூலிகளை மேய்க்கும் மண்டோரின் மகன். செண்டாயானில் ஃபேக்டரி வேலை. பெட்டியை ராஃபியா கயிறு போட்டுக் கட்டுகிற ரகம். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பான், வேலைக்காரன் மாதிரி. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். கல்யாண விருந்தில் அவன் அப்பா அந்தோணிதாஸ் மைக்கைப் பிடித்து என்னைக் கைகாட்டினார். "அகதாவோட அப்பா நம்ம தோட்டத்துலதான், அது ரப்பர் தோட்டமா இருந்தப்ப, பால் வாளி தூக்குனாரு. இன்னிக்கு சம்பந்தி ஆயிட்டோம்லா" என்றார். வாய் கொள்ளாத சிரிப்பு வேறு. சர்ச் ஆட்கள் எல்லாரும் கைதட்டினார்கள். நான் கோலாலம்பூரில் பிறந்தவள் என்றுதான் ஜோஆனே அதுவரை நினைத்திருந்தாள். கிளென் என் கையைப் பிடித்துக்கொண்டு, இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது அத்தை என்று கேட்டான். அதை நான் மன்னிக்கவில்லை.

பிறகு அவனுக்கு அரபு நாட்டில் வேலை கிடைத்தது. ஜோஆனையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றான். மசாலா திரித்துத் தருகிறேன் என்று நானாகவே சொன்னேன். உருகிவிட்டான். மிளகாய்த்தூள், மல்லித்தூள், கறித்தூள் என்று கட்டி, நடுவில் கசகசாவும் ஒரு பொட்டலம் வைத்து, அவன் பெட்டியில் என் கையாலேயே அடுக்கினேன். அவன் மாட்டுவான், ஜோஆன் என் வீட்டுக்குத் திரும்பி வருவாள். எத்தனை வருடம் உள்ளே தள்ளுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அவனுக்காக நான் ஏன் கவலைப்பட வேண்டும்?

விமான நிலையத்தில் அவன் பெட்டி எடை கூடிவிட்டது. கூடாமல் இருக்குமா? நம் ஜனங்கள் செய்வதைத்தான் அவர்களும் செய்தார்கள். கவுண்டர் முன்னால் இரண்டு பெட்டிகளையும் தரையில் விரித்துப் போட்டு, பனியனும் உள்பாவாடையும் ஊர் பார்க்க, இதிலிருந்து உருவி அதில் திணித்தார்கள். தெரிந்தவர்கள் யாரும் வந்துவிடக்கூடாதே என்று நான் தள்ளி நின்றேன். ஜோஆன் மசாலாப் பையைத் தூக்கித் தன் பெட்டியில் வைத்தாள்.

கிளென் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "அத்தை, இதுல ஒன்னும் பிரச்சனை வராதுல்ல? ரூல்ஸ்லாம் உங்களுக்குத்தான் தெரியும்."

கசகசாவை மட்டும் எடுத்துவிடு என்று சொல்லியிருக்கலாம். தெரிந்தும் ஏன் வைத்தீர்கள் என்று கேட்பான். அவன் எதிரில் நான் திருதிருவென்று விழித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

"மசாலாதானே. ஒன்னும் வராதுலா, கொண்டு போங்க" என்றேன்.

மகள் என்னைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அங்கே சுங்கத்தில் கசகசாவைப் பிடித்து, பெட்டியை அடுக்கியது யார் என்று கேட்டதற்கு, தானே அடுக்கியதாகச் சொல்லியிருக்கிறாள். மம்மியைக் காட்டிக்கொடுக்கக் கூடாதாம். அசடு. இப்போது சிறையில் இருக்கிறாள்.

கிளென் வேலையையும் விட்டுவிட்டு நாய் படாத பாடு படுகிறான். ஊருக்கு வந்தால் முதலில் என் வாசலுக்குத்தான் வருகிறான். போன தடவை என் காலடியில் உட்கார்ந்து, "நீங்க தெரியாம செஞ்சது அத்தை. மனசப் போட்டு வருத்திக்காதீங்க" என்றான். எனக்கு ஆறுதல் சொல்ல அவன். இந்தக் காகிதத்திலும் அதையேதான் எழுதியிருக்கிறீர்கள். கசகசா தடை என்பது தாய்க்குத் தெரியாது, அவர்தான் வைத்தார், மகள் அறியமாட்டாள். நான் கையெழுத்துப் போட்டால் அவளை விட்டுவிட வாய்ப்பு இருக்கிறது என்கிறீர்கள். இருக்கலாம்.

தெரிந்தே வைத்தேன் என்று மாற்றித் தரட்டுமா என்று கேட்காதீர்கள். என் கையெழுத்தோடு அதைக் கிளென் படிப்பான். இதையெல்லாம் நீங்களே போய் அவனிடம் சொன்னாலும் நம்பமாட்டான். அத்தை அப்படிச் செய்வாங்களா என்று உங்களிடம் சண்டைக்கு வருவான். அவ்வளவு நல்லவன்.

ஆனால் எனக்குத் தெரியாது என்பதன் கீழே நான் கையெழுத்துப் போட மாட்டேன். இந்த மாநிலத்தில் பாதிப் பேருக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவளே நான். ஜோஆனுக்கு என்ன, சின்ன வயது, பொறுத்துக்கொள்வாள். பெற்றவள் அவன் முன்னால் தலைகுனிந்து நிற்பதைப் பார்க்கவா அவள் வெளியே வர வேண்டும்?