பதினெட்டு நகங்கள்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் இருந்தவர்கள்:
மாமா. வீட்டுக்காரர், லிஃப்ட் மெக்கானிக்.
மாப்பிள்ளை. மாமாவின் மனைவிக்குத் தம்பி, கால்நடை மருத்துவமனையில் உதவியாளர்.
மேடம். ஆறு வயதுப் பெண் முயல்.
வருவதாக இருந்து வராதவர்: அக்கா.

— ஐயோ, மல்லாக்க போடாதீங்க மாமா!

— உங்கக்கா இப்படித்தானே மடியில போட்டு வெட்டுவா?

— ஒருநாளும் போட்டதில்ல. மல்லாக்க போட்டா பயத்துல வெறைச்சுப் போய் கெடக்கும். நாம சாதுவா இருக்குன்னு நெனைச்சுக்குவோம். திடீர்னு ஒரு ஒதை விட்டுச்சுன்னா அதோட முதுகெலும்பே போயிரும்.

— சரி... சரி. கத்தாத. மேடம் மொறைக்குது பாரு.

— மொறைக்கல. முயலுக்கு கண்ணு பக்கவாட்டுல இருக்கு. டவல் எங்க?

— இந்தா.

— இதுவா? புதுசா இருக்கே. லேபிள்கூட கிழிக்கல.

— பழசெல்லாம் அழுக்கா இருந்துச்சு.

— ம்... சோபா உறையும் புதுசு. மொகத்துல பிளேடு வெட்டு வேற. யார் வர்றாங்கன்னு நெனைச்சீங்க?

— நக்கல் பண்ணாம வேலையப் பாரு மாப்ள. அவ ஏன் வரல?

— டூட்டி.

— ஞாயித்துக்கெழம பள்ளிக்கூடத்துல என்ன டூட்டி?

— ... டவல இப்படி விரிங்க. அடியில ரப்பர் ஷீட் போட்டாச்சு, மேசை வழுக்காது. ஒரு கை நெஞ்சுக்கு அடியில. இன்னொரு கை பின்னாடி, அது உக்கார்ற எடத்துல. காலு எதையாவது தொட்டுக்கிட்டே இருக்கணும். அந்தரத்துல விட்டா ஒதைக்கும்.

— நீயே பிடிச்சு நீயே வெட்டிரு. நான் டார்ச் அடிக்கிறேன்.

— நான் பிடிக்கிறேன். நீங்கதான் வெட்டணும்.

— எனக்கு வராதுப்பா.

— பன்னெண்டு மாடி லிஃப்ட் கயித்துல தொங்குற ஆளு. ஒரு நகம் வெட்ட வராதா?

— லிஃப்ட்டுக்கு ரத்தம் வராது.

— அதுக்குத்தான் டார்ச். நகத்துக்குப் பின்னாடி அடிங்க. உள்ள செவப்பா ஒரு கோடு தெரியுதா?

— கறுப்பு நகம். ஒண்ணும் தெரியல.

— இன்னும் கிட்ட... இப்ப?

— ஆங். தெரியுது.

— அதுதான் ரத்தக்குழாய். நரம்பும் அதுக்குள்ளதான் இருக்கு. அதத் தொடாம, ஒரு அரிசி அகலம் முன்னாடி தள்ளி வெட்டுங்க. கொஞ்சம் கொஞ்சமா. பேராசை வேண்டாம்.

— தப்பித் தவறி பட்டுட்டா?

— கிண்ணத்துல சோள மாவு வச்சிருக்கேன். ரத்தம் வர்ற எடத்துல வச்சு அழுத்திப் பிடிக்கணும். ரெண்டு மூணு நிமிஷம். நின்னுருச்சான்னு எடுத்து எடுத்துப் பாக்கக் கூடாது.

— அன்னைக்கு வீட்டுல மாவு இல்ல.

— மாவு இல்லாததா அன்னைக்குப் பிரச்சன? வெட்டுங்க மாமா.

— ஒண்ணு. ஆச்சு.

— இன்னும் பதினேழு. முன்னங்கால்ல அஞ்சஞ்சு, பின்னங்கால்ல நாலு நாலு. முன்னங்கால் உள்பக்கம் கட்டைவிரல் மாதிரி ஒண்ணு இருக்கும், அத எல்லாரும் மறந்துருவாங்க. வளைஞ்சு வந்து சதையிலயே குத்தும்.

— அவ மறக்க மாட்டா.

— அக்கா எதையும் மறக்க மாட்டா.

— அது எனக்குத் தெரியாதா... நல்லா இருக்காளா?

— இருக்கா.

— ஒழுங்கா சாப்புடுறாளா?

— அவ என்ன முயலா மாமா?

— கேட்டா தப்பா?

— என்கிட்ட கேக்குறீங்க. அவ இங்க வந்தப்ப அவகிட்ட என்ன கேட்டீங்க? போயி எட்டு மாசம் ஆச்சு. ஆறு வாரத்துக்கு ஒருதரம் நகம் வெட்ட வந்தா. இதே மேசை. இதே நாற்காலி. அஞ்சு தடவ.

— பேசிக்கிட்டுத்தானே இருந்தோம்.

— என்ன பேசுனீங்க?

— மேடத்துக்குத் தீவனம் மாத்துனது... பல்லு... முடி கொட்டுறது...

— அப்புறம்?

— வெயில் ஜாஸ்தின்னு...

— அப்புறம்?

— டீ போட்டுக் குடுத்தேன்பா!

— பெரிய சாதனை.

— நீ என்னை விசாரிக்கத்தான் வந்தியா?

— சத்தம் போடாதீங்க, நெளியுது. கண்ண மட்டும் டவலால லேசா மூடுங்க... மூக்க விட்டுருங்க. ஆங். ஒரு நிமிஷம் அப்படியே விடுங்க, மூச்சு அடங்கட்டும். பயந்துச்சுன்னா நிறுத்திரணும் மாமா. மிச்சத்த நாளைக்கு வெட்டிக்கலாம். ஒரே மூச்சுல முடிச்சாகணும்னு ஒண்ணும் இல்ல.

— அன்னைக்கு நான் முடிச்சுரணும்னுதான் நெனைச்சேன். மேட்ச் ஆரம்பிச்சிருச்சு...

— தெரியும்.

— அவ கை வலிக்குதுன்னு சொன்னா. சரின்னு அவ பிடிச்சா, நான் வெட்டுனேன். ஒரு கண்ணு டிவில. அதான் ஆழமா பட்டுருச்சு. தரையெல்லாம் ரத்தம். துணி எடுங்க, துணி எடுங்கன்னு கத்துனா. நான்... ஒரு முயல்தானேன்னு சொன்னேன்.

— டிவி சத்தத்தையும் கூட்டி வச்சீங்க.

— அதையும் சொல்லிட்டாளா?

— சொன்னா.

— அதுக்காக பதினோரு வருஷத்த விட்டுட்டு ஒருத்தி போவாளா மாப்ள? ஒரு முயலுக்காக?

— முயலுக்காகவா போனா? எங்கம்மா செத்தன்னைக்கு நீங்க என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?

— ... நான் ஒண்ணும் தப்பா சொல்லலையே.

— ‘வயசாயிருச்சுல்ல’ன்னு சொன்னீங்க. ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு, போனப் பாத்துக்கிட்டே. முயல்தானேன்னு சொன்னதும் அதே குரல்லதான் இருந்துச்சாம்.

— நீயும் பக்கத்துலதானே நின்ன. அப்பவே கேட்டிருக்கலாம்ல?

— அக்கா வாழ்க்கை, நமக்கெதுக்குன்னு வாய மூடிக்கிட்டேன். அது என் தப்பு. அடுத்த கால் மாமா.

— ஆறு... ஏழு... எட்டு... ஒன்பது... பத்து.

— பாத்து... இல்ல, சரியாத்தான் வெட்டுறீங்க. சாய்வா வேற வெட்டுறீங்க. அத நான் சொல்லவே இல்லையே?

— வீடியோல பாத்தேன்.

— எப்ப?

— நேத்து.

— ம்.

— பின்னங்கால நீயே வெட்டிரு. எனக்கு இது சரிப்படாது. அடுத்த தடவ அவளையே வரச் சொல்லு.

— அதுக்காகத்தான் மாமா நான் வந்திருக்கேன்.

— எதுக்கு?

— அடுத்த தடவ அவ வராம இருக்கறதுக்கு. மாமாவுக்கு நல்லா கத்துக்குடுத்துட்டு வாடான்னு அனுப்புனா. டூட்டி கீட்டி ஒண்ணும் இல்ல. வீட்டுலதான் இருக்கா.

— அவளா சொன்னா?

— அவதான்.

— அப்ப மேடத்த அவளே எடுத்துட்டுப் போகட்டும்.

— அவ தங்கியிருக்குற எடத்துல விட மாட்டாங்க. உங்களுக்கே தெரியும்.

— நான் கத்துக்க மாட்டேன்னு சொன்னா?

— நகம் வளைஞ்சு, கால் ஊனி நடக்க முடியாம மூலையில கெடக்கும். அக்கா திரும்பி வர்றதுக்காக அதையும் பண்ணுவீங்களா? பண்ண மாட்டீங்க. நகவெட்டிய எடுங்க.

— அவகிட்ட நீ ஒரு வார்த்த பேசிப் பாரேன் மாப்ள. நான் மாறிட்டேன்னு...

— நான் பேசணுமா? எடுங்க மாமா. அதுக்கு கால் மரத்துப் போகுது.

— பதினொண்ணு... பன்னெண்டு...

— இந்தப் பக்கம் திருப்புறேன். அவசரப்படாதீங்க.

— ... பதினேழு. பதினெட்டு.

— ஒரு சொட்டு ரத்தம் இல்ல. எங்க டாக்டர் பாத்தா என்னைத் தொரத்திட்டு உங்கள வேலைக்கு வச்சுக்குவாரு.

— எறக்கி விடு. மல்லித்தழை வச்சிருக்கேன், குடு.

— குடுத்தா வாங்குறாப்புலயா இருக்கு? கோவிச்சுக்கிட்டு சோபாவுக்கு அடியில போயிருச்சு. சாயங்காலம் தானா வரும். நீங்க தேடிப் போகாதீங்க.

— சரி.

— அப்புறம்... இத அக்கா குடுக்கச் சொன்னா.

— என்ன... அவ சாவியா?

— ம்.

— அவளே வச்சுக்கட்டுமே. ஏதாவது ஆத்திர அவசரத்துக்கு...

— வாங்கிக்குங்க மாமா. என் கையில நிக்க மாட்டேங்குது.

— சரி, குடு.

— நான் வர்றேன்.

— சாப்புட்டுட்டுப் போ. ரெண்டு பேருக்கு செஞ்சு வச்சிருக்கேன்.

— அந்த ரெண்டாவது ஆளு நான் இல்லையே. எனக்கு எறங்காது. வர்றேன், கதவ சாத்திக்குங்க.

— சாத்திட்டேன்.

— பூட்டிருங்க.

— பூட்டிட்டேன்... மாப்ள? போயிட்டியா?

— செருப்பு மாட்டிட்டிருக்கேன்.

— மொகத்தப் பாத்து சொல்ல வரல. எனக்கு நகம் வெட்டத் தெரியும். அவ போன மொத மாசமே கத்துக்கிட்டேன். நடுவுல கார்பெட்ல மாட்டுற நகத்த மட்டும் வெட்டி விட்டுட்டு, மிச்சத்த வளர விட்டு வைப்பேன். அவ வர்றதுக்கு ஒரு காரணம் வேணும்ல.

— அது அக்காவுக்கு ரெண்டாவது தடவ வந்தப்பவே தெரியும் மாமா. அப்புறமும் மூணு தடவ வந்தா.