தாம்பாளத்துச் சேலை

திண்டுக்கல்லிலிருந்து ஆத்தூர் போகும் பஸ். முன் இருக்கையில் இரண்டு பெண்கள். மூத்தவள் மடியில் காலிக் காய்கறிக் கூடை. இளையவள் தாதிப் படிப்புக்கான நீலக்கரைச் சேலையில் இருந்தாள்.

“சேலை வாங்குனதுக்காக உபகாரச் சம்பளத்த நிறுத்திட்டாங்க மதினி” என்றாள்.

நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“எந்தச் சேலைய?”

“ஞாயித்துக்கிழமை லீவுல அகரத்துப் பக்கம் பிரசவம் பார்க்கப் போவேன்ல. காசு குடுத்தா வேணாம்பேன். ஒரு வீட்டுல தாம்பாளத்துல சேலைய வச்சு நீட்டுனாங்க. பிரசவம் பார்த்தவ வெறுங்கையோட போனா பச்சப்புள்ளைக்கு ஆகாதுன்னாங்க. எப்படி மறுக்க?”

“அதுல என்ன தப்பு?”

“அதுவும் கூலிதானாம். வெளிய வேலை பார்க்குறவளுக்கு உதவிப் பணம் கிடையாதுன்னுட்டாங்க பெரிய நர்ஸம்மா.”

“அந்தப் பணத்துலதான எங்கிட்ட வளர்ற உம்மகளுக்குப் பாலு வாங்குறேன், பாக்கியம்.”

கண்டக்டர் வந்து போன பிறகு, இளையவள் பையிலிருந்து ஒரு சின்ன கவுனை எடுத்தாள்.

“அந்தச் சேலையில தைச்சேன். இதப் போட்டுப் பார்த்தா ஞாயித்துக்கிழமைல நான் வராததெல்லாம் அவளுக்கு மறந்துரும்.”

மூத்தவள் கவுனை விரித்துத் தன் கூடைமேல் வைத்துச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

“நீ கடைசியா வந்தப்ப இது சரியா இருந்திருக்கும், தாயி. அவ வளந்துட்டா.”