கரடிக்குத் தனி உயிர்

ஒரு கரடிக்கு எவ்வளவு உயிர் கொடுக்கலாம் என்பதில் நல்ல மனிதர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. குறைத்துக் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. நீங்கள் இந்த மாதிரி ஆட்டம் ஆடியதில்லை என்று சொன்னீர்கள். அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருவோம். ஆளுக்கொரு வேடம், ஒவ்வொரு வேடத்துக்கும் இத்தனை அடி தாங்கும் என்று ஓர் உயிர்க் கணக்கு. ஒருவர் போர்வீரன், ஒருவர் திருடன், ஒருவர் மந்திரவாதி. கதையை நடத்துவது நான். குகைக்குள் என்ன இருக்கிறது, பாலம் தாங்குமா, ஓநாய் எப்போது பாயும் என்பதெல்லாம் நான் சொல்வதுதான். மிச்சத்தைப் பகடை சொல்லும். இந்த மின்னசோட்டாக் குளிரில் மனிதர்கள் ஒன்று குடிப்பார்கள், இல்லை இப்படி எதையாவது பிடித்துக்கொள்வார்கள். எங்கள் ஊரில் கதை நடத்தும் அந்த நாற்காலியில் என்னைத் தவிர வேறு யாரும் உட்கார்ந்ததில்லை.

டெல்பர்ட் ஆரம்பத்திலிருந்தே என்னோடு இருந்தவன். காகித ஆலையில் வேலை. பெரிய உடம்பு, சின்னப் பேச்சு. எந்தக் கதையானாலும் அவன் போர்வீரன்தான். முன்னால் போய் நிற்பான், அடி வாங்குவான், திருப்பி அடிப்பான், உயிர் தீர்ந்தால் சாவான். அதில் ஒரு நேர்மை இருக்கிறது. பல குளிர்காலங்கள் ஆடி, ஓர் அரக்கனைத் தனியாக எதிர்த்து நிற்கும் அளவுக்கு அந்த வீரனை வளர்த்து வைத்திருந்தான்.

அப்போதுதான் டோவா வந்தாள். பல் மருத்துவரிடம் உதவியாளர். ஏரியின் கிழக்குக் கரையில் வீடு எடுத்துத் தனியாக இருந்தாள். பல் பிடுங்கப் போன டெல்பர்ட்தான் பேச்சுக் கொடுத்து அவளை எங்கள் மேசைக்குக் கூட்டி வந்தான். அவள் உருமாறி வேடத்தைக் கேட்டாள்.

உருமாறிக்கு என்ன விதி தெரியுமா? அவள் கரடியாகலாம். கரடிக்குத் தனி உயிர். எதிரி அந்த உயிரை அடித்துத் தீர்த்தாலும், கரடி உதிர்ந்து உள்ளேயிருந்து அவள் ஒரு கீறல் இல்லாமல் எழுந்து வருவாள். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் கரடியாவாள். மேசையில் எல்லாருக்கும் ஒரு உடம்பு, ஒருத்திக்கு மட்டும் வேண்டிய மட்டும். இதை எழுதியவர்கள் ஒருநாளாவது அதை ஆடிப் பார்த்தார்களா என்று எனக்குச் சந்தேகம்.

அரக்கன் வந்த நாளில் டெல்பர்ட் வாளை உருவுவதற்குள் கரடி கதையை முடித்துவிட்டது. நான் அவன் முகத்தைப் பார்த்தேன். "யப்பா, என்ன அடிடா இது!" என்று மேசையைத் தட்டிச் சிரித்தான். எனக்கு அவனைத் தெரியும். அந்தச் சிரிப்புக்கு அடியில் என்ன இருந்தது என்பதும் தெரியும்.

அடுத்த வாரமே விதியைத் திருத்தினேன், ஓர் ஆட்டத்துக்கு ஒரு முறைதான் கரடி என்று. அவள் தேனீக் கூட்டமானாள். தேனீயை நீக்கினேன். உருமாறும் ஒவ்வொரு தடவையும் வயது கூடும் என்று சொன்னேன். அது நியாயமான விதி, இன்றைக்கும் அதைத் தைரியமாகச் சொல்வேன். டோவா தோளைக் குலுக்கினாள்.

"சரி, கிழவியாயிடுறேன். நரைச்ச கரடி கடிச்சா வலிக்காதா என்ன?"

மேசையே சிரித்தது. அன்று முதல் அவள் நடுங்கும் குரலில் பேச, டெல்பர்ட்டின் வீரன் அந்தக் கிழவிக்குக் கை கொடுத்து மலையேற்றினான்.

"டேய் ஹார்லன், இது விளையாட்டுடா. சட்டசபை மாதிரி வாரா வாரம் திருத்தம் கொண்டு வர்றியே," என்றான் ஒருநாள்.

"உன் வீரனுக்காகத்தான்டா செய்றேன்."

"என் வீரன் நல்லாத்தான் இருக்கான். அவனுக்கு ஒரு கரடி சிநேகம் கிடைச்சிருக்கு. நீதான் உர்ருனு இருக்க."

மேசைக்கு வெளியிலும் அவள் அப்படித்தான். டெல்பர்ட்டிடம் மீன் பேசுவாள், மற்ற இருவரிடம் சமையல் பேசுவாள், என்னிடம் வந்தால் விதி பேசுவாள். ஆளுக்கொரு உரு. அவளுடைய சொந்த உரு எது என்று யாரும் கேட்கவில்லை. நான் மட்டும் கவனித்தேன்.

ஏரி நன்றாக உறைந்ததும், பனிக்கட்டி மேல் இழுத்துப் போட்ட டெல்பர்ட்டின் மீன்பிடிக் குடிலில் ஆடுவது எங்கள் வழக்கம். இந்த ஜனவரியில் ஒருநாள் அங்கே காப்பியை ஊற்றிக்கொண்டே சொன்னான்: "ஹார்லன், இந்தக் குளிருக்கு டோவா கதை நடத்தட்டும்டா. நீயும் எங்க பக்கம் வந்து உக்காரு. எத்தனை வருஷமா நீ தனியா அந்தப் பக்கமே உக்காந்திருக்க?"

"நான் கத்துக்குட்டிதான், நீங்க பக்கத்துல இருந்து சொல்லிக் குடுக்கணும்," என்றாள் டோவா. பணிவான உரு அது.

நல்ல யோசனை என்று சொன்னேன். கோபப்படவில்லை. அந்த யோசனை டெல்பர்ட்டுடையது அல்ல என்பது எனக்குப் புரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஏரியில் ஓடை வந்து கலக்கும் இடத்தில் பனிக்கட்டி எப்போதும் மெல்லிசு. அதைச் சுற்றி ஆரஞ்சுக் கொடி கட்டிய கம்புகளை நட்டு வைப்பது வருடா வருடம் என் பொறுப்பு. ஊர் என்னை நம்பிக் கொடுத்த வேலை. டோவா கிழக்குக் கரையிலிருந்து அந்தக் கொடிகளை ஒட்டித்தான் குடிலுக்கு நடந்து வருவாள். அந்தச் சனிக்கிழமை காலையில் கம்புகளைப் பிடுங்கி, ஓடைப் பக்கமாக, மெல்லிசான இடத்துக்கு உள்ளே தள்ளி நட்டேன். பழைய துளைகளை நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பேன்.

நனைந்து பயந்தால் போதும் என்றுதான் நினைத்தேன் என்று சொன்னால் உங்களுக்கு எழுதிக்கொள்ள எளிதாக இருக்கும். நான் அப்படி நினைக்கவில்லை. அவளுக்கும் ஒரு உடம்புதான் என்று ஆக வேண்டும் என்று நினைத்தேன்.

நண்பகலில் வந்தாள், சறுக்குப் பலகையில் சாப்பாட்டுச் சட்டியை வைத்து இழுத்துக்கொண்டு. டெல்பர்ட் குடில் வாசலில் நின்று, "ஏ கிழவி, சீக்கிரம் வா, பசிக்குது!" என்று கத்தினான். அவள் கையைத் தூக்கி ஆட்டினாள். அப்போதுதான் பனிக்கட்டி உடைந்தது. பெரிய சத்தம் எதுவும் இல்லை.

டெல்பர்ட் ஓடினான். இந்த ஏரியில் வளர்ந்தவன், குப்புறப் படுத்து ஊர்ந்து போக வேண்டும் என்று அவனுக்குத் தெரியாதா? ஆனாலும் கனத்த பூட்ஸோடு ஓடினான். விளிம்பு அவனையும் சேர்த்து இறக்கிவிட்டது. கயிறு குடிலுக்குள் என் கைக்கெட்டும் ஆணியில் தொங்கியது. நான் எடுக்கவில்லை. எறிந்தால் முதலில் அவள் கைக்குத்தான் போகும். தண்ணீருக்குள்ளிருந்து அவளை இரண்டு கையாலும் மேலே தள்ளினான். அவள் பனிக்கட்டியில் உருண்டு வெளியே வந்தாள். பிறகு நான் கயிற்றோடு போனபோது அங்கே தண்ணீர் மட்டும்தான் இருந்தது.

அவள் இப்போது மருத்துவமனையில் தேறி வருகிறாள் என்கிறீர்கள். ஆச்சரியமில்லை. நான் வருடம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான்.

கம்புகளை நகர்த்தியது நான். கயிற்றை எடுக்காததும் நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள். மன்னிப்பு மட்டும் கேட்கச் சொல்லாதீர்கள். அந்த மேசையில் அவனுக்காகப் பேச என்னைத் தவிர யாரும் இல்லை. ஓடுவதற்கு முன்னால் அவன் ஒரு கணம் திரும்பி என்னைப் பார்த்தான். எனக்கு நன்றி சொல்லத்தான் பார்த்திருப்பான்.