நாக்கில் வைக்காதே என்றேன்

சாயா நன்னா இருக்கு சார், கொஞ்சம் மதுரம் கூடிப்போச்சு, அவ்வளவுதான். நீங்க கொழிஞ்சாம்பாறைக்காரர், தமிழ் தெரியும்னு வெளியில சொன்னா. அப்போ தமிழ்லயே சொல்லிடறேன்.

மட்டாஞ்சேரி டியூட்டோரியல்ல கெமிஸ்ட்ரிக்கு நாங்க ரெண்டு பேர். நான் வெங்கிட்டு, அவன் ராமபத்ரன். அவன் க்ளாஸ்ல நிக்க இடம் இருக்காது. என் க்ளாஸ்ல ஃபேன் மட்டும்தான் சுத்தும். வர்ற மாசம் முதல் என் க்ளாஸையும் அவனே எடுக்கட்டும்னு மேனேஜர் சொல்லிட்டார். வயிறு எரிஞ்சுது, மறைக்கலை.

அவன் வித்தை ஒண்ணே ஒண்ணு. மூணு குப்பியில மூணு உப்பு. பலமான ஆசிட்டும் பலம் கம்மியான பேஸும் சேர்ந்தா அமில உப்பு, நீல லிட்மஸ் சிவக்கும். நேர்மாறா இருந்தா கார உப்பு, சிவப்பு நீலமாகும். ரெண்டும் பலமானதுன்னா நடுநிலை, நிறமே மாறாது. இதை நான் போர்டில எழுதிப்போடுவேன். அவன் மூணாவது குப்பியிலேர்ந்து ஒரு நுள்ளு எடுத்து நாக்கில போட்டுண்டு, "நம்ம சாம்பார்ல போடற உப்பாக்கும்"பான். பிள்ளைகள் கைதட்டுவா. லேப் உப்பை நாக்கில வைக்காதேடான்னு எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன். சிரிப்பான்.

லிட்மஸ் மாறலைங்கறதாலே தின்னலாம்னு இல்லை சார். நிறம் மாத்தாத உப்புலயும் விஷம் உண்டு. அப்படி ஒண்ணு எங்க அலமாரியிலேயே இருந்தது, அதே வெள்ளை. மூணாவது குப்பியைக் காலி பண்ணி அதை நிரப்பினேன். அவனுக்குப் பாடம் புரியணும், அவ்வளவே.

எனக்குப் பஞ்சாங்கம் பார்க்கற பழக்கமில்லை. அன்னிக்கு ஷஷ்டி. ஷஷ்டிக்கு அவன் உப்பு தொடமாட்டான். குப்பியைத் திறந்தவன், "எனக்கு இன்னிக்கு விரதம், நீ பாரு மோளே"ன்னு முன்பெஞ்ச் வீரலட்சுமி கையில கொட்டினான். பஜார்ல மூட்டை தூக்கற சங்கிலிப்பாண்டியோட பொண்ணு. கூச்சக்காரி. ஒரு நுள்ளு எடுத்தா மிச்சத்தை என்ன பண்றதுன்னு தெரியாம மொத்தத்தையும் வாயில போட்டுண்டா.

நான் வாசல்லதான் நின்னிண்டிருந்தேன். இன்னொருத்தர் க்ளாஸ்ல குறுக்கே பேசறது மரியாதையில்லையே. சாயங்காலம் ஆஸ்பத்திரியில அவ போயிட்டா.

தன் கையால கொடுத்தோமேன்னு ராமபத்ரன் உங்க லாக்கப்ல அழறானாம். அவனை விட்டுடுங்கோ. குப்பியை மாத்தினது நான்தான். அந்தக் குழந்தையை நினைச்சா கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு சார், இப்போ எங்க டியூட்டோரியல்ல ஒருத்தரும் உப்பை நாக்கில வைக்கறதில்லை. நான் சொன்னதை இப்பவாவது கேக்கறா.